மொழிபெயர்ப்புக் கருவியும் தமிழ் மாணாக்கனும்

புதுவை நகரினின்று கடற்கரைப் பெருஞ்சாலை வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், காலாப்பட்டினை எய்துதற்கு முன்னர்ப் பிள்ளைச்சாவடி என்னும் ஊரைக் காண்பர். சாவடியென்பது வழிச்செல்வோர் தங்கி இளைப்பாறும் இடமாகும். இந்நாளில் அவ்வூரில் வந்து தங்குவோர் பெரும்பாலும் மாணாக்கரே. பொறியியற் கல்லூரியாகத் தொடங்கிப் பின்னர்த் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக உயர்ந்த கல்விநிலையம் ஆண்டு உளது. அதற்கு அணித்தே காலாப்பட்டில், 1985-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற புதுவைப் பல்கலைக்கழகம் உளது. சாலைக்குக் கிழக்கே மீனவர் குடியிருப்பு, அதற்கப்பால் கடல். சென்ற கோடை விடுமுறையில் அவ்வூரினனாகிய நண்பன் ஒருவன் இல்லத்தில் யாம் மூவர் சில கிழமைகள் கூடியிருந்து, கணிப்பொறியின் துணைகொண்டு மொழிபெயர்க்கும் மென்பொருள் ஒன்றைக் கற்க முயன்றோம். அம்முயற்சியில் யாம் கண்டவற்றையும், அதன்பொருட்டு யாம் கற்றவற்றையும் நம் கல்லூரி மலரைப் படிப்போர் முன் வைக்க விரும்புகின்றேன்.

மொழிபெயர்ப்பு என்னும் தொழிலுக்குப் புதுவையினும் பொருத்தமான இடம் அரிது. ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாக இருந்து நாட்குறிப்பு எழுதிய ஊர் அது. அந்நாட்குறிப்பு 1904 முதல் 1928 வரையில் பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளிவந்தது. 1956-இல் கையொப்பமிடப்பெற்று 1962-இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை, மக்கட் பிரதிநிதிகள் வேறு முடிவு செய்யும்வரை பிரெஞ்சு மொழி ஆட்சிமொழியாக நீடிக்கும் என்று கூறிற்று. 1965-இல் இயற்றப்பெற்ற சட்டமோ தமிழை ஆட்சிமொழியாக்கி, ஆங்கிலத்திற்கும் இடந்தந்து, மாகியில் மலையாளத்தையும் ஏனாமில் தெலுங்கையும் ஏற்றது. இத்துணை மொழிகள் ஒரு சிறு நிலப்பகுதியிற் கூடியிருப்பின், மொழிபெயர்ப்போனுக்கு ஓய்வு ஏது?

நிற்க. கணிப்பொறித்துணை மொழிபெயர்ப்பு என்றவுடன், தானே மொழிபெயர்த்துத் தரும் இயந்திரம் என்று கருதிவிடலாகாது. மொழிபெயர்ப்போன் மனிதனே. கருவி செய்வது யாதெனின், மூலத்தைத் தொடர் தொடராகக் கூறுபடுத்தி ஒரு பக்கத்தில் நிறுத்தும்; அவன் எழுதும் பெயர்ப்பை எதிரில் வாங்கிக்கொள்ளும்; இரண்டையும் இணையாக நினைவகத்திற் சேமித்து வைக்கும். பின்னொரு நாள் அதே தொடரோ அதனையொத்த தொடரோ வருமாயின், "முன்னர் இவ்வாறு எழுதினாய்" என்று எடுத்துக்காட்டும். ஒப்புமையை நூற்றுக்கு இத்தனை என்று எண்ணாலுங் குறிக்கும். இவற்றொடு கலைச்சொற்கோவை ஒன்றும் உடனிருந்து, மூலத்தில் வரும் கலைச்சொல்லுக்கு நாம் குறித்து வைத்த சொல்லை நினைவூட்டும்.

இயந்திரம் மொழிபெயர்ப்போனுக்கு ஏவலாளாய் நிற்றலே தகும், அவனை அகற்றி அவனிடத்தில் அமர்தல் தகாது என்னும் கருத்தை மார்ட்டின் கே என்னும் அறிஞர் 1980-இலேயே விரித்தெழுதினார். 1984-இல் செருமனியின் ஸ்டுட்கார்ட் நகரிற் தோன்றிய டிராடோஸ் நிறுவனம் அக்கருத்தைப் பின்னர்ச் சந்தைப் பொருளாக்கியது. 1999-இல் பாரிசில் வோர்டுபாஸ்ட் தோன்றிற்று. ஒமேகாடி போன்று விலையின்றிக் கிடைப்பனவும் இன்று உள. மாணாக்கர்க்கு அவையே கைக்கெட்டுவன.

இக்கருவிகள் ஏற்படுங்காலத்து ஆராய்வோர் வினவும் வினா ஒன்று உண்டு: இது கையாள எளிதா? எளிமை என்பதை ஆளுக்கொரு வகையாகப் பொருள் கொள்ளாதவாறு, பன்னாட்டுத் தரநிர்ணய அமைப்பு 1998-இல் ஒரு வரையறை செய்தது. குறித்த ஒருவர், குறித்த ஒரு வேலையை, குறித்த ஒரு சூழலிற் செய்யுங்கால், எண்ணியதைத் திருத்தமாக முடித்தனரா, முயற்சியும் காலமும் மிகாமல் முடித்தனரா, மனநிறைவுற்றனரா என்னும் மூன்றும் சேர்ந்ததே பயன்பாட்டெளிமை என்பது அவ்வரையறையின் கருத்து. இதற்கு முன்னரே, 1986-இல் ஜான் புரூக் என்பார் பத்துக் கூற்றுகளைக் கொண்ட சிறு வினாத்தாள் ஒன்றை வகுத்திருந்தார். கூற்றுகள் ஒன்று புகழ்வதும் அடுத்தது பழிப்பதுமாக மாறி மாறி வரும். ஒவ்வொன்றிற்கும் உடன்படும் அளவை ஐந்து படிகளிற் குறித்தல் வேண்டும். முடிவில் நூற்றுக்கு இத்தனை என்று கணக்கிடுவர். இன்றும் உலகெங்கும் இவ்வினாத்தாளே பெரிதும் கையாளப்படுகின்றது. யாமும் விளையாட்டாக அதனை நிரப்பிப் பார்த்தோம்.

விடைகளை ஒப்பிட்டபோது எமக்கு வியப்பே உண்டாயிற்று. வீட்டுக்குரிய நண்பன் கருவியை வானளாவப் புகழ்ந்திருந்தான். மற்றொருவன் அதனைத் தொடவும் இனி விரும்பேன் என்னும் அளவிற் பழித்திருந்தான். இருவரும் அறிவில் ஒத்தவர். ஒரே கணிப்பொறியில் ஒரே மென்பொருளிற் பழகியவர். வேறுபாடு எங்கே என்று ஆராய்ந்ததில், முன்னவன் ஆங்கிலத்தினின்று தமிழிற்கும், பின்னவன் தமிழினின்று ஆங்கிலத்திற்கும் மொழிபெயர்த்தமை புலனாயிற்று. கருவி ஒன்றே, நடக்கும் திசை வேறு.

இதன் காரணத்தைத் தமிழ் பயில்வோர்க்கு விளக்குதல் எளிது. மரம் என்னும் பெயர் உருபேற்குங்கால் மரமில் என்றாகாது. அத்துச்சாரியை பெற்று மரத்தில் என்றாகும். இதனை நன்னூல் கற்ற சிறுவனும் அறிவான். கருவி அறியாது. கலைச்சொற்கோவையில் "கட்டுமரம்" என்று எழுதி வைத்துவிட்டு, மூலத்தில் "கட்டுமரத்தினின்று" என்னுஞ் சொல் வரக் காத்திருந்தால், அது வாய் திறவாது. இவ்வளவு மாறாத சொற்களிலும் இதே தொல்லை உண்டு. "கடல்" என்பதன் ஈற்றிலுள்ள புள்ளி "கடலில்" என்னுமிடத்து மறைந்து இகரம் ஏறுகின்றது. எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்க்கும் கருவிக்கு இவை இரண்டும் வெவ்வேறு சொற்கள். ஆங்கிலத்திலோ பெயர்ச்சொல் பெரும்பாலும் தன்னுருவம் திரியாது நிற்க, வேற்றுமைப் பொருளைத் தனிச்சொற்கள் முன்னின்று உணர்த்துகின்றன. ஆதலின் ஆங்கிலம் மூலமாகுங்கால் கோவை தவறாது விடையிறுக்கும். தமிழ் மூலமாகுங்கால் ஊமையாகிவிடும்.

பழைய அகராதிகளும் இங்ஙனமே அல்லவோ என்று வினவலாம். புதுவை மிஷன் அச்சுக்கூடத்தினின்று முசே, துப்புயி என்னும் குருமார் தொகுத்த தமிழ்-பிரெஞ்சு அகராதி 1855-லும் 1862-லும் இரண்டு பகுதிகளாக வெளிவந்தது. வின்சுலோவின் தமிழ்-ஆங்கில அகராதியும் அதே 1862-இல் வெளிவந்ததே. அவற்றிலும் மரத்தில் என்னும் சொல்லைத் தேடினாற் கிடையாதுதான். ஆயினும் அவ்வகராதியைத் திறப்பவன் உருபையும் சாரியையையும் தானே களைந்து, மரம் என்னுமிடத்திற் பார்ப்பான். அகராதி அவனுடைய இலக்கண அறிவை நம்பிச் செய்யப்பட்டது. இக்கருவியோ தேடும் வேலையையும் தானே மேற்கொண்டுவிட்டு, அவ்வேலைக்கு வேண்டிய இலக்கணத்தை மட்டும் கற்காமல் வந்துள்ளது. கிடைக்கவில்லையென்று அது சொல்வதுமில்லை, வெறுமனே இருந்துவிடுகின்றது. மாணாக்கனோ, கோவையில் அச்சொல் இல்லையென்றெண்ணிப் புதிதாக ஒன்றைப் படைத்து எழுதுகின்றான். ஒரு பொருளுக்கு ஒரே கட்டுரையில் மூன்று சொற்கள் வந்தமைக்கு எம் நண்பன் நெடுநேரம் தன்னையே நொந்துகொண்டான்.

இக்குறை தீர்க்கவொண்ணாததன்று. திருமறை மொழிபெயர்ப்போர்க்கென ஐக்கிய வேதாகமச் சங்கங்களும் எஸ்.ஐ.எல். அமைப்பும் சேர்ந்து வளர்த்துவரும் பாராடெக்ஸ்ட் என்னும் மென்பொருளில், முதன்மைச் சொற்களைப் பதிவு செய்யுமிடத்துச் சொல்லின் மாறாத பகுதியை மட்டும் எழுதி, அதனருகே ஒரு நட்சத்திரக்குறி இட்டால், ஈறு எவ்வாறு திரிந்தாலும் அது கண்டுகொள்ளும். ஒட்டுமொழிகளும் உலகில் உள என்பதை அறிந்தோர் செய்த கருவி அது. மறைப்பணியாளர் கால்பட்ட இடமெல்லாம் இலக்கணம் எழுதிய பழைய வழக்கத்தின் எச்சம் என்று எண்ணி யான் மகிழ்ந்தேன். நண்பர் அதனை மிகையென்றனர்.

இனி, கண்ணுக்குத் தெரியாத வேறோர் இடரும் உண்டு. "கொ" என்னும் எழுத்தை யூனிகோடு முறையில் இருவகையாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக்குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று. கொம்பையும் காலையும் இரு குறிகளாகத் தனித்தனியே சேர்ப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டையும் ஒருநிலைப்படுத்தாத கருவிக்கோ அவை வெவ்வேறு. இவ்வாறே "மௌனம்" என்பதன் ஔகாரக்குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் இட்டு எழுதுவோர் பலர். கண் ஏமாறும், கருவி ஏமாறாது. அன்றியும், யூனிகோடு பரவுதற்கு முன்னர்ப் பாமினி முதலிய எழுத்துருக்களில் அடிக்கப்பெற்ற ஆவணங்கள் இன்னும் எத்துணையோ உள. அவை உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே இருத்தலின், கருவியிற் புகுத்தினால் பொருளற்ற எழுத்துக்குவியலே தோன்றும். தமிழ்நாட்டரசு 1999-இல் ஒரு குறிமுறையை ஏற்றுப் பின்னர் 2010-இல் யூனிகோடினைத் தழுவியது என்னும் வரலாற்றை அறியாத மாணாக்கன், கணிப்பொறி பழுதுற்றதென்றே முடிவு கட்டுவான். யாமும் ஒருநாள் அவ்வாறு முடிவு கட்டிக் கணிப்பொறியை மூன்று முறை அணைத்து ஏற்றினோம்.

இவையெல்லாம் தமிழை மூலமாகக் கொண்டோனின் துன்பங்கள். ஆங்கிலத்தினின்று தமிழாக்கும் நண்பனுக்குத் துன்பமே இல்லை. அவனுக்கு நேர்ந்தது துன்பமின்மையால் வந்த கேடு.

கருவி மூலத்தை முற்றுப்புள்ளிதோறும் வெட்டி நிறுத்தும் என்றேன். ஆங்கிலத்தில் மூன்று சிறு தொடர்கள் அடுத்தடுத்து வந்தன. நண்பன் அவற்றை இவ்வாறு பெயர்த்தான்: "கடல் முன்னேறி வந்தது. கரையோர வீடுகள் இடிந்தன. மக்கள் மேட்டுநிலத்திற்குக் குடிபெயர்ந்தனர்." பிழை யாதும் இல்லை. ஆயினும் இதனைத் தாளில் எழுதச் செய்திருந்தால், "கடல் ஏறி வந்து கரையோர வீடுகளை இடித்துவிட்டமையின் மக்கள் மேட்டுநிலத்திற்குக் குடிபெயர்ந்தனர்" என்றே அவன் எழுதியிருப்பான். அவன் எழுத்தை யான் அறிவேன். எச்சங்களை அடுக்கி முற்றிலே கொண்டு முடித்தல் தமிழுக்கு இயல்பு. அவ்வியல்பு அமைதற்குக் கருவியின் கட்டத்தில் இடமில்லை. கட்டத்திற்கு ஒரு தொடர், தொடருக்கு ஒரு முற்று. சில கருவிகளிற் கட்டங்களை இணைக்க வழியுண்டு. ஆயினும் புதிதாகக் கற்போன் கண்ணில் அவ்வழி எளிதிற் படுவதில்லை. பட்டாலும், இணைத்த தொடர் பின்னொருகால் நினைவகத்திற் பொருந்துதல் அருமை. ஆகவே கருவி பயனுற வேண்டுமாயின் தமிழைத் துண்டித்தே எழுத வேண்டும். இரு கிழமைகளில் எம் மூவர் உரைநடையும் படிக்கட்டு இறங்குவதுபோல் தட்டுத்தட்டாக ஆகிவிட்டது. வீட்டிற்கு எழுதிய கடிதத்திலுங்கூட அந்நடை புகுந்ததைக் கண்டு யானே நாணினேன்.

இதனினும் பெரிதொன்று நிகழ்ந்தது. பயிற்சிக்காக, வானிலை அறிவிப்புகளைப் போன்ற சிறு அறிவிப்புகளை ஆங்கிலத்தில் யாமே எழுதிவைத்து, நாளொன்றுக்குச் சிலவாக மொழிபெயர்த்து வந்தோம். கடல் அமைதியாயிருக்கும் நாளுக்குரிய அறிவிப்பின் இறுதியில், மீனவர் கடலுக்குச் செல்லலாம் என்னும் பொருள்பட ஒரு தொடர் இருந்தது. நண்பன் அதனைப் பெயர்த்து நினைவகத்திற் சேர்த்திருந்தான். சில நாள் கழித்துப் புயலுக்குரிய அறிவிப்பு. அதன் இறுதித்தொடரும் அதுவே. எதிர்மறை உணர்த்தும் ஆங்கிலச் சிறுசொல் ஒன்று மட்டும் மிகுதி. பத்துச் சொற்கொண்ட தொடரில் ஒரு சொல் மிகுந்தால் ஒப்புமை நூற்றுக்கு ஏறத்தாழ 90 ஆகும். வழக்கமாக 70 அல்லது 75-க்கு மேற்பட்டவற்றையே கருவி எடுத்துக்காட்டுமாதலின், 90 என்பது மிகச் சிறந்த ஒப்புமை. வேறுபட்ட சொல்லைக் கருவி நிறமிட்டுக் காட்டத்தான் செய்தது. அதன்மேற் குறைகூற இடமில்லை. நண்பன் 90 என்னும் எண்ணைக் கண்டான், நிறத்தைக் காணவில்லை. ஒரே விசையில் பழைய தமிழ்த்தொடரை ஏற்றுக்கொண்டு அடுத்த கட்டத்திற்குச் சென்றான்.

அன்று மாலை அவன் மாமா கடலினின்று திரும்பி வந்து, வலையைத் திண்ணையில் இறக்கி வைத்துவிட்டு, "என்னதான் படிக்கிறீங்க, படிச்சுக் காட்டு" என்றார். நண்பன் பெருமிதத்தோடு படித்தான். காற்றின் வேகம், அலையின் உயரம் எல்லாவற்றையும் கேட்டுத் தலையசைத்து வந்தவர், முடிவு கேட்டதும், "ஏன்டா மருமவனே, இவ்வளவு காத்தடிக்குதுன்னு சொல்லிப்புட்டுக் கடலுக்குப் போகலாம்னு முடிச்சிருக்கியே?" என்றார். யாம் நகைத்தோம். அவர் நகைக்கவில்லை. கடல் பற்றிய அறிவிப்பைக் கேட்டு இரவு இரண்டு மணிக்குப் படகைத் தள்ளுவோர் அத்தெருவில் எத்தனை பேர் என்பதை அவர் அறிவார். நண்பன் அன்றிரவு உணவு கொள்ளவில்லை.

முற்கூறிய வரையறையை இங்கு நினைத்துப் பார்க்கலாம். காலமும் முயற்சியும் மிகக் குறைவு; மனநிறைவு முழுமை; முடித்த வேலையோ முற்றும் பிழை. வினாத்தாளில் அவன் கருவிக்கு அளித்த உயர்ந்த மதிப்பு பொய்யன்று. அவன் உணர்ந்ததையே எழுதினான். கையாளுவோன் உணரும் எளிமையும், கேட்போனுக்கு நேரும் பயனும் ஒன்றல்ல என்பதை அப்பத்துக் கூற்றுகள் வினவுவதில்லை. தமிழில் எதிர்மறை வினைக்குள்ளேயே அடங்கி நிற்றலும் இங்கே கருதத்தக்கது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லாகத் தனித்துக் கண்ணிற்படுவது, தமிழில் "செல்லலாம்", "செல்லலாகாது" என ஈற்றில் ஓரசையாகக் கரந்து நிற்கின்றது. விரைந்து படிப்போன் ஈற்றைப் பார்ப்பதில்லை.

இந்நாளில் நினைவகத்தோடு இயந்திர மொழிபெயர்ப்பும் அதே சாளரத்தில் வந்து நிற்கின்றது. கூகிள் நிறுவனம் 2011-இல் தமிழைச் சேர்த்தது; இந்திய அரசு 2022-இல் பாஷிணி என்னும் திட்டத்தைத் தொடங்கியது. முன்னொருவர் ஆய்ந்தெழுதிய தொடரையும், இயந்திரம் அப்போதே புனைந்த தொடரையும் வேறுபடுத்திக் காட்டுவது மூலையிலுள்ள ஒரு சிறு குறியே. அச்சிட்ட எழுத்தின் தோற்றம் இரண்டிற்கும் ஒன்றாகையால், இரண்டையும் ஒரே மதிப்போடு நோக்குகின்றோம். இதனைப் பற்றி விரித்தெழுதத் தனிக்கட்டுரை வேண்டும்.

கலைச்சொற்கோவையைப் பற்றி மட்டும் இன்னுஞ் சிறிது கூறி அமைகின்றேன். யாம் மூவரும் ஒருமனதாகப் பாராட்டிய பகுதி அதுவே. சொல்லொருமை எத்துணை அரிய பொருள் என்பதைத் தமிழ்த் திருமறை வரலாறு காட்டும். மூல மறையிலுள்ள ஒரே பெயரைப் பப்பிரீசியுஸ் "பராபரன்" என்றார். 1871-இல் வெளிவந்த பவர் ஐயரின் திருத்திய பதிப்பு "தேவன்" என்றது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் கூடி 1995-இல் வெளியிட்ட திருவிவிலியம் "கடவுள்" என்கின்றது. ஒவ்வொன்றின் பின்னும் ஆண்டுக்கணக்கான ஆராய்ச்சியும் வாதமும் உண்டு. பலர் கைபட்ட நினைவகம் ஒன்றை ஆராயாது பயன்படுத்தினால், இம்மூன்றும் ஒரே பக்கத்தில் வந்து கலக்கும். படிப்போர் மூன்று தெய்வமோ என்று மயங்குவர். கோவையோ, எச்சொல்லைக் கொள்வது என்று முதலிலேயே நம்மை உட்கார்ந்து எண்ண வைக்கின்றது. கருவியின் மற்றெல்லாப் பகுதிகளும் எம்மை விரைவித்தன. இது ஒன்றே எம்மை நிறுத்திற்று.

புயல் அறிவிப்பு நிகழ்ச்சிக்குப் பின்னர் எம் பழக்கத்தை மாற்றினோம். கருவியைக் கட்டம் கட்டமாக அன்றிப் பத்தி பத்தியாக மூலத்தைக் காட்டுமாறு அமைத்தோம். பழைய தொடர் பொருந்துதல் குறைந்தது, தமிழ் சீர்பட்டது. வேலை முடிந்தவுடன் திரையை மூடிவிட்டு, அச்செடுத்த தாளை மாமாவிடம் படித்துக் காட்டலானோம். மூலத்தை அறியாதவர் கேட்பதில் ஒரு நன்மை உண்டு. அவர் தமிழை மட்டுமே கேட்கின்றார். அலையின் வேகத்தைத் தணித்துக் கரையைக் காக்கும்பொருட்டுக் கடலுக்குள் நீட்டிக் கற்களால் இடப்படும் அணைக்கு யாம் அகராதிகளைப் புரட்டி, "அலைதடுப்புக் குறுஞ்சுவர்" என்று ஒரு சொல்லைப் படைத்துக் கோவையில் ஏற்றியிருந்தோம். அச்சொல் வந்தவுடன் மாமா கையமர்த்தி, "அது என்ன சுவரு? தூண்டில் வளைவைத்தானே சொல்றீங்க?" என்றார். தூண்டில்போல் வளைந்து நிற்பதால் வந்த பெயர் போலும். கரையோர மக்கள் நாவில் அச்சொல் முன்னமே இருந்தது, அகராதியில் இல்லை. நண்பன் அப்போதே எழுந்து உள்ளே சென்று, எம் சொல்லை நீக்கிவிட்டு அச்சொல்லை ஏற்றினான். ஈறு திரியுமிடத்தும் பிடிபடும்பொருட்டு, "தூண்டில் வளைவு" என்றும், "வளைவை" என்றும், "வளைவின்" என்றும், "வளைவுகள்" என்றும் நான்கு வரிகளாக அவன் அடித்து முடிப்பதற்குள் விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது.